அதிவேக ரயிலிடம் விமானம் எங்கே தோற்கிறது? வாசகர் கேள்வி – பதில்

அதிவேக ரயிலுக்கும் விமானத்துக்கும் நடக்கும் பயணிகள் போட்டி பற்றி வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கிறது. புல்லட் ரயில் என்னதான் ஓடினாலும் 300, மிஞ்சினால் 350. அப்படியிருந்தும் ரயில் வந்த ஊர்களில் விமானத்தில் ஆள் குறைகிறது என்கிறார்களே, எப்படி?
*– மதுரை வாசகர்*

வண்டியின் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு பிடிபடாது. வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து, போய்ச் சேர வேண்டிய வாசலை மிதிக்கும் வரை ஆகும் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் மாட்ரிட்–பார்சிலோனா வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். ரயில் பாதையில் 621 கி.மீ.

விமானத்தில் போகிறவர் மாட்ரிட்டின் நடுவிலிருந்து பராஹாஸ் விமான நிலையம் போக 35, 40 நிமிடம். கைப்பெட்டி மட்டும்தான் என்றாலும், பாதுகாப்புச் சோதனை வரிசையை நினைத்து 75 நிமிடம் முன்னதாகப் போய்விடுவார். அட்டவணையில் பயணம் 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 20 நிமிடம் வரை. அதில் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீதி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் இறங்கியபின் வாயிலுக்கு ஊர்ந்து வருவதிலும் போகிறது. விமானத்திலிருந்து வெளியே வர 15, 20 நிமிடம். எல் பிராட் விமான நிலையத்திலிருந்து பார்சிலோனாவின் நடுவே பிளாசா கத்தலூன்யாவுக்குப் பேருந்தில் 35 நிமிடம். கூட்டினால் 4 மணி நேரத்தைத் தொடும்.

ரயிலில் போகிறவருக்கு அதோச்சா நிலையம் 20 நிமிடத் தூரம். பெட்டியை எக்ஸ்ரே இயந்திரத்தில் போட வேண்டும். வண்டி கிளம்ப 2 நிமிடம் இருக்கும்போது ஏறும் வழியை மூடிவிடுவார்கள். ஆகவே அரை மணி நேரம் முன்னதாகப் போனால் தாராளம். எங்கும் நிற்காத வண்டி 2 மணி 30 நிமிடத்தில் பார்சிலோனா சான்ட்ஸ் நிலையத்துக்குப் போய்விடும். அதுவே ஊருக்குள் இருப்பதால் இன்னொரு 20 நிமிடம். மொத்தம் 3 மணி 40 நிமிடம்.

ஆக, ரயிலுக்குக் கிடைத்த லாபம் 20 நிமிடம்தான். வேலையாகப் போகிறவர்களை இழுத்தது அந்த 20 நிமிடம் அல்ல. விமானப் பயணியின் 4 மணி நேரம் ஐந்தாறு துண்டாக உடைந்துவிடுகிறது: வண்டி பிடிப்பது, வரிசை, காத்திருப்பு, பறப்பது, மறுபடி வண்டி. எந்தத் துண்டிலும் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்க முடியாது. ரயிலில் இரண்டரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. மடிக்கணினியைத் திறக்கலாம், போன் பேசலாம், தூங்கலாம்.

இந்த இரு ஊர்களுக்கும் இடையே 1974 முதல் ‘புவென்டே அயரியோ’ என்ற விமானச் சேவை நடந்துவருகிறது. முன்பதிவு வேண்டாம், போய் அடுத்த விமானத்தில் ஏறலாம் என்பது அதன் சிறப்பு. உலகிலேயே மிக நெரிசலான வான்வழித் தடங்களில் ஒன்றாக இருந்தது. 2008 பிப்ரவரி 20-ல் அதிவேக ரயில் பார்சிலோனா வரை வந்தது. சில வருடங்களில் பாதிப் பயணிகள் ரயிலுக்கு மாறினார்கள். இன்று இரண்டிலும் போகிறவர்களில் 10-க்கு 8 பேருக்கும் மேல் ரயிலில் போகிறார்கள்.

ரயில் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் ரயில் ஜெயிக்கும், தாண்டினால் விமானம் ஜெயிக்கும் என்று ஒரு விதி உண்டாமே? எல்லா ஊருக்கும் பொருந்துமா?
*– திருச்சி வாசகி*

தொடக்கத்தில் கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல்தான். அதையே முடிவாக எடுத்துக்கொண்டால் தவறும். இதைச் சோதித்துப் பார்க்க ஜப்பானைப் போல வசதியான நாடு வேறில்லை. டோக்கியோவிலிருந்து ஒரே பாதை மேற்கே நீள்கிறது. அதில் வரிசையாக ஊர்கள். அவற்றில் பலவற்றுக்கு விமானமும் உண்டு.

டோக்கியோ–ஒசாகா, அந்தப் பாதையின் மிக வேகமான வண்டியான ‘நோசோமி’யில் ஏறக்குறைய 2 மணி 22 நிமிடம். இங்கே ரயிலின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதே வண்டி ஹிரோஷிமா போக 4 மணி நேரத்தை நெருங்குகிறது. விதிப்படி விமானம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அங்கும் ரயிலில்தான் கூட்டம் அதிகம். காரணம், ஹிரோஷிமா விமான நிலையம் ஊரில் இல்லை. பக்கத்து மிஹாரா நகர எல்லைக்குள் மலைமேல் இருக்கிறது. அங்கிருந்து ஹிரோஷிமா ரயில் நிலையத்துக்குப் பேருந்தில் 45, 50 நிமிடம். விமானம் மிச்சம் பிடித்த நேரத்தைப் பேருந்து தின்றுவிடுகிறது.

இன்னும் மேற்கே போனால் ஃபுகுவோகா. நோசோமியில் அந்த ஊரின் ஹகாட்டா ரயில் நிலையத்துக்கு 5 மணி நேரம். விமான நிலையத்திலிருந்து ஹகாட்டாவுக்குச் சுரங்க ரயிலில் இரண்டே நிறுத்தம், 5, 6 நிமிடம். இங்கே விமானத்துக்கு ரயில் பக்கத்தில்கூட வர முடியவில்லை. ஒரு கற்பனை செய்து பாருங்கள்: இந்த இரண்டு விமான நிலையங்களையும் இடம் மாற்றி வைத்தால், ரயில் ஓடும் நேரம் ஒரு நிமிடம்கூட மாறாமலே போட்டியின் நிலவரம் மாறிவிடும். மூன்று மணி நேர விதியைச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பிரான்ஸிலும் இப்படித்தான். 2001-ல் பாதை திறந்ததும் பாரிஸ்–மார்சேய் 3 மணி நேரமாகக் குறைந்தது, ரயில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. மார்சேயைத் தாண்டிக் கடற்கரையோரமாக நீஸ் வரை போகிற பகுதியில் பழைய பாதை. பாரிஸிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. நீஸ் விமான நிலையமோ ஊரை ஒட்டிய கடலோரத்தில் இருக்கிறது, நகர டிராம் உள்ளேயே வருகிறது. அங்கே விமானத்தை அசைக்க முடியவில்லை.

எங்களைக் கேட்டால், ரயில் நேரம் இரண்டரை மணிக்குள் என்றால் விமானத்துக்கு வாய்ப்பில்லை. ஐந்து மணிக்கு மேல் என்றால் ரயிலுக்கு வாய்ப்பில்லை. நடுவில் உள்ள இரண்டரை மணி நேர இடைவெளியில் தீர்மானிப்பது விமான நிலையம் எங்கே, ரயில் நிலையம் எங்கே, ஒரு மணிக்கு எத்தனை வண்டி என்ற மூன்று கேள்விகள்.

அப்படியானால் ரயிலை 300-லிருந்து 350 ஆக்கினால் போதுமே?
*– சேலம் வாசகர்*

600 கி.மீ. தூரத்தை 300 கி.மீ. வேகத்தில் கடக்க 120 நிமிடம். 350-ல் 103 நிமிடம். மிச்சம் 17 நிமிடம். அதற்காகக் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், மின்சாரமும் அதற்கேற்பக் கூடும், தண்டவாளமும் மின்கம்பியும் சீக்கிரம் தேயும். அதே பாதையில் நகரத்தை ஒட்டி 50 கி.மீ. தூரம் 100 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் 200 ஆக்கினாலே 15 நிமிடம் மிச்சம். வழியில் ஒரு நிறுத்தத்தை எடுத்தால், பிரேக் போடுவதும் நிற்பதும் மறுபடி வேகம் பிடிப்பதும் சேர்த்து 6, 7 நிமிடம் மிச்சம். அனுபவமுள்ள ரயில் நிர்வாகங்கள் முதலில் மெதுவான இடத்தைத்தான் தேடுகின்றன.

1964-ல் கட்டிய டோக்கியோ–ஒசாகா பாதையின் வளைவுகளுக்கு ஆரம் 2,500 மீட்டர். இன்றைய வேகத்துக்கு அது இறுக்கமான வளைவு. 2007-ல் வந்த என்700 வண்டியில் காற்று ஸ்பிரிங்கை ஒரு பக்கம் உயர்த்தி, பெட்டியை வெறும் 1 டிகிரி உட்புறம் சாய்த்தார்கள். முன்பு 250-க்குக் குறைக்க வேண்டியிருந்த வளைவுகளில் 270-லேயே போக முடிந்தது. ஒரு டிகிரிச் சாய்வில் கிடைத்த நிமிடங்கள் அவை.

சீனாவில் பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கி.மீ. அவ்வளவு தூரத்துக்கும் ரயிலில் ஏன் இத்தனை கூட்டம்? விமானங்களும் நிறையத்தானே ஓடுகின்றன?
*– புதுச்சேரி வாசகர்*

2011-ல் திறந்த அந்தப் பாதையில் மிக வேகமான வண்டிக்கு 4 மணி 18 நிமிடம். விமானத்தில் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல். வாசலிலிருந்து வாசலுக்குக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்டச் சமம். ஆனால் சீன வான்வெளியில் பெரும்பகுதி ராணுவக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பயணிகள் விமானத்துக்கு விட்டிருக்கும் வழிகள் குறுகலானவை, அவற்றில் நெரிசலும் தாமதமும் அதிகம். மாலை 5 மணிக்குக் கூட்டம் என்றால் ரயிலில் போனவர் நேரத்துக்கு இருப்பார் என்று நம்பலாம்.

இன்னொரு பெரிய காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. விமானம் விற்பது ஒரே ஒரு ஜோடி ஊர்: பெய்ஜிங், ஷாங்காய். ரயில் வழியில் ஜினான், ஷூஜோ, நான்ஜிங் ஆகிய ஊர்களில் நிற்கிறது. ஒரே இருக்கையில் பெய்ஜிங்கிலிருந்து ஜினான் வரை ஒருவர், அங்கிருந்து நான்ஜிங் வரை இன்னொருவர், பிறகு ஷாங்காய் வரை மூன்றாமவர். வண்டி நிரம்ப இரண்டு முனைகளை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அதனால்தான் அடிக்கடி வண்டி விட முடிகிறது. அடிக்கடி வண்டி இருப்பதாலேயே இன்னும் ஆள் வருகிறது.

விமானங்கள் அங்கே ஓயவில்லை. தனிக் கவுன்ட்டர், தனிச் சோதனை வரிசை, அகலமான பெரிய விமானங்கள் என்று விரைவுச் சேவை நடத்துகிறார்கள். ஷாங்காய் ஹோங்சியாவ் விமான நிலையத்தின் இரண்டாம் முனையமும் அதிவேக ரயில் நிலையமும் ஒரே கட்டடத் தொகுதியில் இருப்பதால், அந்த முனையில் ரயிலுக்கு இடச் சாதகமும் இல்லை. ஆனால் தூரம் குறைந்த தடங்களில் கதை வேறு. ஜெங்ஜோ–ஷியான் அதிவேக ரயில் 2010 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்குள் அந்த ஊர்களுக்கு இடையிலான நேரடி விமானங்கள் நின்றுபோயின.

விமானத்தால் அவ்வளவு பேரை ஏற்றவே முடியாதா? கூடுதல் விமானம் விட்டால் ஆயிற்று அல்லவா?
*– ஈரோடு வாசகர்*

டோக்கியோ–ஒசாகா வண்டி ஒன்றில் 16 பெட்டிகள், 1,323 இருக்கைகள். எல்லா வண்டியிலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கை. ஒரு வண்டி பழுதானால் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம், முன்பதிவு எதுவும் குழம்பாது. நெரிசல் நேரத்தில் நோசோமி மட்டும் மணிக்கு 12 வரை விடுகிறார்கள். ஒரு திசையில் ஒரு மணி நேரத்துக்கு 15,876 இருக்கை. 180 பேர் உட்காரும் விமானத்தில் இதை ஏற்ற 89 விமானங்கள் வேண்டும். ஒரு ஓடுபாதையில் ஒரு மணிக்கு ஏறுவதும் இறங்குவதுமாகச் சேர்த்தே நாற்பது, ஐம்பதைத் தாண்டுவது கடினம். கூடுதல் விமானத்தை வாங்கலாம், இறக்க இடம் வேண்டுமே.

பயணிகளை இழந்த விமான நிறுவனங்கள் என்ன செய்கின்றன?
*– சென்னை வாசகி*

மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, விட்டுவிடுவது. தைவானில் 2007 ஜனவரியில் அதிவேக ரயில் வந்தது. தைபேயிலிருந்து தெற்கே காவ்ஷியுங் நகரின் ஸோயிங் நிலையம் வரை ஏறக்குறைய 340 கி.மீ., வேகமான வண்டிக்கு ஒன்றரை மணி நேரம். தைபே–காவ்ஷியுங் விமானங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து 2012-ல் முற்றிலும் நின்றன. நெரிசலான பெரிய விமான நிலையங்களில் இப்படி விடுவது சில சமயம் லாபம்கூட. அங்கே ஏறி இறங்க ஒதுக்கும் நேரம் பொன்னுக்குச் சமம். 400 கி.மீ. பயணத்துக்குச் செலவழித்த ஒதுக்கீட்டை 8,000 கி.மீ. பயணத்துக்குத் திருப்பிவிடலாம்.

இரண்டாவது, ரயிலையே தன் விமானமாக்கிக்கொள்வது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குள் 1999 முதல் தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. 2002-ல் கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் அதிவேகப் பாதை திறந்தது. லுஃப்தான்சா அந்தத் தடத்தில் விமானத்தை நிறுத்திவிட்டு, ரயிலில் இருக்கைகளை எடுத்து, விமான எண் போட்டே விற்கிறது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகக் கொலோன் போக டிக்கெட் எடுத்தால், இரண்டாம் பகுதி ரயிலாக வரலாம். டிக்கெட்டைக் கவனித்துப் பாருங்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், விமானம் தாமதமாகி ரயிலை விட்டாலும் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் பொறுப்பு உங்களுடையது. பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ் தடத்தில் ஏர் பிரான்ஸும் 2001-லேயே விமானத்தை நிறுத்தி ரயிலுக்கு மாறியது.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் சுவாரசியமாகப் படுகிறது: விமானக்காரரே ரயில் நடத்துவது. ஸ்பெயினில் 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய ‘இரியோ’ என்ற சிவப்பு ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய ரயில் நிறுவனமான டிரெனிடாலியாவுடன் சேர்ந்து அதைத் தொடங்கியவர்கள், ‘ஏர் நோஸ்ட்ரம்’ விமான நிறுவனத்தின் பங்குதாரர்கள்.

இத்தனைக்குப் பிறகும் குறுந்தூர விமானம் அடியோடு ஒழியாததற்குக் காரணம் மாறிச் செல்லும் பயணிகள். பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட் வந்து அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா பறப்பவருக்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதோச்சாவிலிருந்து பராஹாஸ் போவது தலைவலி. அவர் விமானத்திலேயே வருவார். விமான நிலையத்துக்குள் அதிவேக ரயில் நுழையாதவரை அந்தப் பயணியை ரயிலால் பிடிக்க முடியாது.

விமானத்தை விரட்டிய பிறகு ரயில்காரர்கள் கட்டணத்தை ஏற்றிவிட மாட்டார்களா?
*– தஞ்சாவூர் வாசகர்*

ஏற்றுவதற்கு வாய்ப்புண்டு. அதற்கு மருந்து, அதே தண்டவாளத்தில் இன்னொரு ரயில் நிறுவனத்தை விடுவது. ஸ்பெயின் அதைத்தான் செய்தது. தண்டவாளத்தை வைத்திருக்கும் ‘அதிஃப்’ என்ற அரசு நிறுவனம், ஓடுவதற்கான நேரங்களை மூன்று கட்டாகப் பிரித்துக் கொடுத்தது. பெரிய கட்டு பழைய அரசு நிறுவனமான ரென்ஃபேக்கு. மற்ற இரண்டில் 2021 மே மாதம் பிரெஞ்சு ‘உய்கோ’ வந்தது, அடுத்த ஆண்டு இரியோ வந்தது. உய்கோ 509 இருக்கை கொண்ட இரட்டை அடுக்கு வண்டி, தொடக்கக் கட்டணம் 9 யூரோ. ரென்ஃபேயும் ‘அவ்லோ’ என்ற மலிவு வண்டியை விட்டது. விமானத்திலிருந்து மட்டுமல்லாமல் காரிலிருந்தும் பேருந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புதிதாக வந்த நிறுவனங்கள் முதல் சில வருடங்கள் நஷ்டத்தில் ஓடின என்பதையும் சொல்ல வேண்டும்.

பயணிகளை ஜெயிப்பது வேறு, கணக்கை ஜெயிப்பது வேறு. தைவான் ரயில் விமானத்தை வென்ற அதே ஆண்டுகளில் கடன் வட்டியாலும் தேய்மானச் செலவாலும் திணறியது. 2009-ல் அரசு தலையிட்டது, 2015-ல் நிதிச் சீரமைப்பு செய்த பிறகே நிமிர்ந்தது. ரயிலுக்கு 600 கி.மீ. தூரமும் தண்டவாளம், மின்கம்பி, சிக்னல், வேலி எல்லாவற்றையும் பராமரிக்க வேண்டும். விமானத்துக்கு இரு முனையில் இரண்டு ஓடுபாதை போதும். சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கு வரி போடாத வழக்கம் 1944 சிகாகோ உடன்படிக்கைக் காலத்திலிருந்து தொடர்கிறது. ரயிலோ தண்டவாளத்துக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாடகை கட்டுகிறது. ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு போகும்போது ரயில் டிக்கெட் விமானத்தைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே பெரும் காரணம். இந்த ஏற்றத்தாழ்வு சரியல்ல என்பது எங்கள் கருத்து.

பிரான்ஸ் குறுந்தூர விமானங்களைத் தடை செய்துவிட்டதாமே?
*– காரைக்கால் வாசகர்*

செய்தியில் வந்த அளவுக்கு இல்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் உள்நாட்டு விமானம் கூடாது என்பது சட்டம். 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அடிபட்டவை மூன்றே தடங்கள்: பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நான்ட், லியோன். பாரிஸின் இன்னொரு விமான நிலையமான சார்ல் தெ கோலிலிருந்து மாறிச் செல்லும் பயணிகளுக்கான விமானங்கள் அப்படியே இருக்கின்றன. போர்தோவுக்கு 2017-லேயே ரயில் 2 மணி 4 நிமிடமாகக் குறைந்துவிட்டது.

பெற்றோர், இரண்டு குழந்தைகளுடன் ஜப்பான் போகிறோம். டோக்கியோ, ஒசாகா, ஹிரோஷிமா பார்க்க ஆசை. ஃபுகுவோகாவும் போகலாமா என்று யோசனை. எங்கே ரயில், எங்கே விமானம்? ரயில் பாஸ் வாங்கலாமா?
*– கோவை வாசகி*

ஹிரோஷிமா வரை ரயில். ஃபுகுவோகாவை டோக்கியோவிலிருந்து நேராகப் போவதானால் விமானம். ஹிரோஷிமாவிலிருந்து போவதானால் ரயில்தான், ஒரு மணி நேரம்தான் ஆகும்.

முதலில் பாஸ் கணக்கு. நாடு முழுதும் செல்லும் 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. அதிலும் நோசோமியில் ஏறத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். டோக்கியோ–ஹிரோஷிமா நோசோமி டிக்கெட் ஒரு வழிக்கு ஏறக்குறைய 20,000 யென். போய்வந்தாலே 40,000 தான் ஆகிறது. ஆகவே இந்தப் பயணத்துக்குப் பாஸ் கட்டுப்படியாகாது. அதைவிட நல்ல வழி, சர்வதேச டிக்கெட்டையே டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலோ ஃபுகுவோகாவிலோ ஏறும்படி எடுப்பது. திரும்பி வரும் ரயில் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

அடுத்தது பெட்டி. டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் வண்டிகளில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், 250 செ.மீ. வரை உள்ள பெட்டிக்கு ரயில்பெட்டியின் கடைசி வரிசை இருக்கையை அதற்கென்று முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை. பதியாமல் கொண்டுவந்தால் 1,000 யென் வசூலிப்பார்கள். வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள், சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து. நம் ஊரில் ‘பெரிய சைஸ்’ என்று விற்கும் பெட்டி பெரும்பாலும் 160-க்கு அந்தண்டைதான் இருக்கும்.

6 முதல் 11 வயதுக் குழந்தைக்குப் பாதிக் கட்டணம். 6 வயதுக்குள் தனி இருக்கை கேட்காவிட்டால் இலவசம், ஆனால் மடியில்தான் உட்கார வேண்டும். நான்கு மணி நேரம் மடியில் வைத்திருப்பது கஷ்டம், இருக்கை எடுத்துவிடுவது நல்லது. புத்தாண்டு, ஏப்ரல்–மே கோல்டன் வீக், ஆகஸ்ட் ஓபோன் விடுமுறைகளில் நோசோமி முழுக்க முன்பதிவு வண்டியாகிவிடும். அந்த நாட்களில் டிக்கெட்டை நிலையத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இருக்கை தேர்வு செய்யும்போது ‘இ’ வரிசை ஜன்னல் கேளுங்கள். டோக்கியோவிலிருந்து கிளம்பிய 40, 45 நிமிடத்தில் வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும், மேகம் இல்லாதிருந்தால்.

சென்னை–பெங்களூருவுக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்? வந்தே பாரத் வந்தும் விமானம் நிரம்பித்தானே போகிறது?
*– வேலூர் வாசகர்*

வந்தே பாரத் நல்ல வண்டி. ஆனால் பழைய பாதையில், மற்ற ரயில்களுக்கு நடுவே ஓடுகிறது. ஏறக்குறைய 360 கி.மீ. தூரத்துக்கு 4 மணி 20 நிமிடம் போல ஆகிறது. விமானம் வானில் ஒரு மணி நேரம் இருந்தாலும் பெங்களூருவின் தேவனஹள்ளி நிலையம் ஊரின் நடுவிலிருந்து 35 கி.மீ. நெரிசலில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சென்னையில் மீனம்பாக்கத்துக்கு மெட்ரோ இருப்பது சற்று ஆறுதல். பெட்டி போடும் கவுன்ட்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். எல்லாம் கூட்டினால் வாசலிலிருந்து வாசலுக்கு நாலரை, ஐந்து மணி நேரம். இரண்டும் இன்று அருகருகேதான் நிற்கின்றன. விமானத்தின் பலம், காலை முதல் இரவு வரை அடிக்கடி இருப்பது.

தேசிய அதிவேக ரயில் திட்டங்களின் ஆய்வுப் பட்டியலில் சென்னை–பெங்களூரு–மைசூரு, ஏறக்குறைய 435 கி.மீ., இடம்பெற்றது. பெங்களூரு வரை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போகும்படி அமைந்தால், மேலே சொன்ன கணக்குப்படி நேரடி விமானப் பயணிகளில் பெரும்பாலோர் மாறிவிடுவார்கள். ஒரே நிபந்தனை, நிலையம் ஊருக்குள் இருக்க வேண்டும். மும்பை–அகமதாபாத் 508 கி.மீ. திட்டத்தில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். மும்பையில் பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தின் அடியிலும், அகமதாபாத்தில் இப்போதைய ரயில் நிலையத்தை ஒட்டியும் கட்டுகிறார்கள். நிலம் மலிவு என்று 25 கி.மீ. வெளியே நிலையம் கட்டினால், கோடிகளைக் கொட்டி மிச்சம் பிடித்த அரை மணி நேரம் ஆட்டோவில் போய்விடும். சென்னை நிலையம் எங்கே என்ற கேள்வியை வாசகர்கள் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.

ரயில் நடுவழியில் நின்றுவிட்டால்? தாமதத்துக்குப் பணம் கிடைக்குமா?
*– நாகர்கோவில் வாசகர்*

எல்லாம் ஒரே பாதையில் ஓடுவதுதான் ரயிலின் பலவீனம். ஜப்பானில் செகிகஹாரா, மைபாரா பகுதியில் பனி கொட்டினால், வண்டியின் அடியில் ஒட்டிய பனிக்கட்டி வேகத்தில் உதிர்ந்து கீழே உள்ள கற்களைத் தெறிக்கவிடும், அவை வண்டியைத் தாக்கும். அதனால் தண்ணீர் தெளித்துப் பனியை ஈரமாக்கி, வேகத்தையும் குறைக்கிறார்கள். ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 28-ல் நாடு முழுதும் மின்சாரம் போனபோது ரயில்கள் நடுவழியில் நின்றன. ஒரு வாரத்துக்குள் மாட்ரிட்–செவில் பாதையில் செம்புக் கம்பி திருடு போய் ஆயிரக்கணக்கானோர் சிக்கினார்கள். விமானத்துக்கும் இப்படி நாட்கள் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானம் ஒரு வாரம் போல முடங்கியபோது, லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலில் இடம் கிடைக்கவில்லை.

இழப்பீட்டைப் பொறுத்தவரை ஜப்பானில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் விரைவுக் கட்டணம் மட்டும் திரும்ப வரும், அடிப்படைக் கட்டணம் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் 60 நிமிடம் தாமதித்தால் டிக்கெட்டில் கால்வாசி, 120 நிமிடம் என்றால் பாதி. விமானத்துக்கு 1,500 கி.மீ. வரையிலான தூரத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 250 யூரோ. வானிலை போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்றால் அது கிடையாது. டிக்கெட் விலை 40 யூரோவாக இருந்தாலும் 250-தான். ஆகவே விமானத்தில் தாமதமானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். ரயிலுக்கு நிறுவனத்தின் இணையதளப் படிவத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்.